நுனிப்பார ஹைபிரிட் பேஸ்போல் மட்டை: கையில் கிடைக்கும் முன்பே தேர்ந்தெடுப்பது எப்படி?

மென்பந்து கிரிக்கெட்டிலோ எல்லேயிலோ பந்தைத் தூக்கி அடித்துப் பெயர் வாங்கியவர் பேஸ்போலுக்கு வந்ததும் பாரமான மட்டையைத்தான் தேடுவார். தேடட்டும். ஆனால் ஒரே நீளமும் ஒரே எடையும் உள்ள இரண்டு மட்டைகளை வீசிப் பார்த்தால், ஒன்று இலகுவாகச் சுழலும், மற்றது கையை இழுக்கும். எடை எந்த இடத்தில் குவிந்திருக்கிறது என்பதே காரணம். நுனியை நோக்கிக் குவிந்திருந்தால் அதை ‘எண்ட் லோடட்’ என்பார்கள். இங்கே நுனிப்பார மட்டை என்று வைத்துக்கொள்வோம்.

திருகோணமலையில் கடைக்குப் போய் நான்கு மட்டைகளை வீசிப் பார்த்து ஒன்றைத் தெரிவுசெய்யும் வசதி நமக்கு இல்லை. கனடாவில் இருக்கும் சித்தப்பாவிடம் சொல்லிவிட வேண்டும், அவர் கோயில் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவருவார். எனவே மட்டையைக் காணாமலே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கான வழி இது.

படி 1: எந்தப் போட்டிக்கு என்று கேளுங்கள்

அமெரிக்க மேஜர் லீக்கிலும் நாடுகளுக்கு இடையிலான மூத்தோர் போட்டிகளிலும் மர மட்டைதான். உங்கள் போட்டியில் உலோக மட்டைக்கு அனுமதி உண்டா என்று பயிற்றுநரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் மேற்கொண்டு வாசிக்கத் தேவையில்லை, பணம் மிச்சம்.

படி 2: ஹைபிரிட் என்றால் என்ன?

அடிக்கும் பருத்த பகுதி (பரல்) அலுமினியக் கலப்புலோகம், கைப்பிடி கார்பன் இழையாலான கொம்போசிட். இரண்டையும் நடுவில் பொருத்தியிருப்பார்கள். அலுமினியம் முதல் நாளிலிருந்தே முழு வேகம் தரும். முழுக் கொம்போசிட் மட்டையைப்போல நூற்றுக்கணக்கான பந்துகள் அடித்துப் பழக்க வேண்டியதில்லை. பந்து தவறான இடத்தில் பட்டால் கையில் ஏறும் அதிர்வைக் கொம்போசிட் கைப்பிடி குறைக்கும். புதியவருக்கு அடி அடிக்கடி தவறும் என்பதால் இந்தக் கூட்டணியை நான் விரும்புகிறேன்.

படி 3: நீளமும் ‘டிராப்’பும்

அவுன்ஸ் கணக்கில் உள்ள எடையிலிருந்து அங்குலக் கணக்கில் உள்ள நீளத்தைக் கழித்தால் வருவது டிராப். 33 அங்குல மட்டை 30 அவுன்ஸ் இருந்தால் டிராப் -3. அதாவது ஏறத்தாழ 84 சென்ரிமீற்றர், 850 கிராம். அமெரிக்கக் கல்லூரி, உயர்பாடசாலை ஆட்டங்களுக்கான பிபிகோர் விதி -3ஐவிட இலகுவான மட்டையை அனுமதிப்பதில்லை. பருத்த பகுதியின் விட்டம் 2⅝ அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மட்டை பந்தைத் துள்ள வைக்கும் அளவுக்கும் உச்சவரம்பு உண்டு, 0.50. எல்லா மட்டைக்கும் இந்த ஒரே கூரைதான் என்பதால், கூடுதல் பலத்தைத் தேடுபவருக்கு எஞ்சுவது வீச்சின் வேகமும் நுனியின் பாரமும்.

நீளத்துக்கு ஒரு தும்புத்தடியே போதும். ஒரு முனையை நெஞ்சின் நடுவில் வைத்துக் கையை முன்னால் நீட்டுங்கள். விரல் நுனி எட்டும் இடத்தை அளந்தால் உங்கள் நீளம் கிடைக்கும். இரண்டு அளவுகளுக்கு இடையில் தடுமாறினால் குட்டையானதை எடுங்கள். நுனிப்பாரம் வேறு சேரப்போகிறது.

படி 4: ஈயச் சோதனை

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். அணியிலுள்ள சாதாரண 33 அங்குல மட்டை ஒன்றை இரவல் வாங்குங்கள். மீன்பிடிச் சாமான் கடையில் தூண்டிலுக்குக் கட்டும் ஈயம் கிடைக்கும். பலசரக்குக் கடை டிஜிட்டல் தராசில் 28 கிராம், அதாவது ஒரு அவுன்ஸ், நிறுத்து எடுத்து, மட்டையில் வைத்து மின்கம்பி ரேப்பால் பல சுற்றுகள் இறுக்கிச் சுற்றுங்கள். இதைக்கொண்டு பந்தை அடிக்கக் கூடாது, வெறும் வீச்சு மட்டும். எதிரே ஆள் நிற்கவும் கூடாது. ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவுங்கள்.

முதலில் அதே ஈயத்தைக் கைப்பிடிக்கு மேலே, குமிழிலிருந்து (கைப்பிடியின் அடிமுனையில் உள்ள தடித்த பகுதி) 15 அங்குலத்தில் கட்டி வீசுங்கள். வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. பிறகு நுனிக்கு மாற்றுங்கள், உடனே தோள் சொல்லிவிடும். சுழற்சிப் பாரத்தை அளப்பவர்கள் குமிழிலிருந்து 6 அங்குலத்தை அச்சாக எடுக்கிறார்கள். அச்சிலிருந்து நுனி 27 அங்குலம், முதலில் கட்டிய இடம் 9 அங்குலம். தூரம் மூன்று மடங்கு. அதன் வர்க்கம்தான் கணக்கில் வரும் என்பதால் பாதிப்பு ஒன்பது மடங்கு. மட்டையின் மொத்த எடையோ இரண்டு தடவையும் ஒன்றுதான்.

நுனியில் ஈயம் இருக்கும்போதே பதினைந்து முழு வீச்சு வீசுங்கள். நண்பர் ஒருவர் கைத்தொலைபேசியில் மெதுவாக ஓடும் காணொளி எடுக்கட்டும். முதல் வீச்சையும் கடைசி வீச்சையும் அடுத்தடுத்துப் பாருங்கள். கடைசியில் நுனி தாழ்ந்து, முழங்கைகள் உடலைவிட்டு விலகிப்போனால் உங்களுக்கு நுனிப்பாரம் இப்போது வேண்டாம். கை பருமனாக இருக்கிறது, சிக்ஸர் அடித்திருக்கிறேன் என்பதெல்லாம் இங்கே செல்லாது. மென்பந்து 60 கிராமைத் தொடாது, பேஸ்போல் பந்து 142 கிராமுக்குக் குறையாது. எறியும் தூரமும் 18.44 மீற்றர்தான்.

படி 5: சித்தப்பாவுக்கு அனுப்பும் செய்தி

நீளம் 33, டிராப் -3, பிபிகோர் .50 முத்திரை, இரண்டு துண்டு, அலுமினியப் பரல், கொம்போசிட் கைப்பிடி, எண்ட் லோடட். ஏழையும் எழுதுங்கள். வெறும் ‘பேஸ்போல் மட்டை’ என்றால் சொப்ட்போல் மட்டை வந்து சேரலாம். அதன் பரல் மெலிந்தது, பேஸ்போல் பந்துக்காகச் செய்யப்பட்டதல்ல. டிமாரினி நிறுவனத்தின் ‘தி குட்ஸ்’ இந்த வகைக்கு நல்ல உதாரணம், ஆனால் அதே பெயரில் ஒற்றைத் துண்டு மட்டையும் உண்டு, கவனம். விமானத்தில் கைப்பையோடு ஏற்ற விடமாட்டார்கள், பெரிய பெட்டிக்குள் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

படி 6: மட்டை வந்த பிறகு

குமிழைப் பிடித்து மெல்ல முறுக்கிப் பாருங்கள். பொருத்து அசைந்தாலோ குலுக்கும்போது உள்ளே ஏதாவது கலகலத்தாலோ திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். வெயிலில் நிறுத்திய முச்சக்கர வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். உப்புக்காற்றுக்கு ஒரு துணித் துடைப்பு போதும்.

பிறகு எறியும் பந்துக்கு அடியுங்கள். வலக்கை ஆட்டக்காரரின் அடிகள் எல்லாம் ஓஃப் பக்கமாகவே, முதலாம் தளத்தின் திசையில் வெளியே போனால் மட்டை பிந்துகிறது. கைகளை ஓர் அங்குலம் மேலே ஏற்றிப் பிடியுங்கள், சுழற்சிப் பாரம் குறையும். அப்படியும் பிந்தினால் அணியில் உங்களைவிட வேகமாக வீசுபவரிடம் அதைக் கொடுத்து, எடை நுனியில் குவியாத அவருடைய சமநிலை மட்டையை வாங்கிக்கொள்ளுங்கள்.