நடுராத்திரியில் தானாக எரியும் ஸ்மார்ட் பல்பு: முதலில் எதைப் பார்ப்பது?

ராத்திரி பல்பு தானாகப் பளிச்சென்று எரிந்தால் உடனே ரீசெட் செய்துவிடாதீர்கள். பெரும்பாலும் காரணம் கரண்ட்தான்: ஒரு நொடி போய் வந்தாலும், யாரோ சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டதாகவே பல்பு எடுத்துக்கொள்ளும், பல பல்புகள் அப்போது எரியும்படிதான் கம்பெனியிலிருந்தே வருகின்றன. ஆப்பில் அந்த பல்பின் செட்டிங்ஸுக்குள் போய், கரண்ட் திரும்பும்போது பழைய நிலைக்கே போகும்படி மாற்றுங்கள். சில ஆப்களில் 'கடைசியாக எரிந்த நிலை' என்றும் ஒன்று இருக்கும், அது வேண்டாம், அதுவும் பல்பை எரியத்தான் வைக்கும். பிறகு ஆப்பில் அணைத்துவிட்டு, சுவர் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். இருட்டாகவே இருந்தால் சரி.

அப்புறமும் எரிகிறதா? நேரத்தைக் குறித்து வையுங்கள். தினமும் ஒரே நேரம் என்றால் பழைய ஷெட்யூல் ஏதோ மிச்சமிருக்கிறது. பல்பின் ஆப்பில் மட்டுமல்ல, பல்போடு இணைத்திருந்தால் அலெக்சா, கூகுள் ஹோம் ஆப்களிலும் தேடுங்கள். நேரம் மாறி மாறி வந்தால், அசைவைக் கண்டு பல்பை எரியவைக்கும் மோஷன் சென்சார் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.