வெளிக்குழாயில் டியூபை மாட்டி வைக்காதீர்கள்: மாசியில் நியூ ஜெர்சி போகிறவர்களுக்கு

நங்கநல்லூரில் எங்கள் தெருவில் மட்டும் இந்த மாதம் இரண்டு வீட்டில் பெட்டி கட்டுகிறார்கள். ஒருவர் மகள் பிரசவத்துக்கு, இன்னொருவர் பேரனைப் பார்த்துக்கொள்ள. இருவருமே மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள். மகள் வீட்டுப் பின்பக்கம் அவ்வளவு மண்ணைப் பார்த்ததும் கை சும்மா இருக்காது. எனக்கும் இருக்கவில்லை. அதன் பலனாக நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் என் மகள் வீட்டுச் சுவரை உடைக்க வேண்டி வந்தது.

முதலில் சட்ட விஷயங்களை முடித்துவிடுகிறேன். கறிவேப்பிலைக் கன்றோ, இலையோ பெட்டியில் வேண்டாம். எலுமிச்சை வகை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால் தடை. விதைக்கும் தாவரநலச் சான்றிதழ் கேட்பார்கள். இருப்பதை மறைக்காமல் அங்கே இறங்கியதும் சுங்க அதிகாரிகளிடம் சொல்லிவிடுங்கள். தோண்டுவதற்கு முன் 811க்குப் போன் செய்ய வேண்டும், அடியில் கேஸ், கரண்ட் லைன் போகும் இடத்தை இலவசமாக வந்து குறித்துவிட்டுப் போவார்கள். பல ஊர்களில் வீட்டு முன் நடைபாதையில் விழுந்த பனியை வீட்டுக்காரர்தான் குறித்த நேரத்துக்குள் அள்ள வேண்டும். அவ்வளவுதான்.

இப்போது குழாய். நம் ஊரில் தோட்டத்துக் குழாயில் டியூபை மாட்டினால் அது கிழியும் வரைக்கும் அங்கேயே கிடக்கும். யாரும் கழற்றுவதில்லை, கழற்றத் தேவையும் இல்லை. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே ஏறக்குறைய 14 டிகிரி செல்சியஸ். இங்கே குழாய்க்குள் தண்ணீர் உறைவதை நாம் எங்கே பார்த்திருக்கிறோம்?

நான் போனது பிப்ரவரி நடுவில். ஒரு வாரம் வெளியே கால் வைக்க முடியவில்லை. அப்புறம் திடீரென்று மூன்று நாள் வெயில், 60 ஃபாரன்ஹீட், அதாவது நம் கணக்கில் 15 டிகிரிக்கு மேல். பனி எல்லாம் உருகி ஓடியது. வாசல் படியில் பனி உருகுவதற்காகப் போட்ட உப்பு வெள்ளையாகக் காய்ந்து, பக்கத்தில் புல் பழுப்பாகிக் கிடந்தது. கழுவிவிட்டால் செடி பிழைக்குமே என்று, மாப்பிள்ளை அக்டோபரில் வீட்டுக்கு அடியில் இருக்கும் பேஸ்மெண்டில் மூடி வைத்திருந்த வால்வைத் திறந்தேன். கராஜில் சுருட்டி வைத்திருந்த டியூபை எடுத்து மாட்டினேன். படியைக் கழுவினேன். வெளிக்குழாயை இறுக்கி மூடினேன், டியூப் முனையில் இருந்த துப்பாக்கி மாதிரியான மூடியும் மூடித்தான் இருந்தது. நங்கநல்லூர் பழக்கத்தில் டியூபை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

நான்காம் நாள் இரவு 18 ஃபாரன்ஹீட். மைனஸ் 8 டிகிரி. காலையில் எழுந்து பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. இந்தச் சேதம் அன்றைக்குத் தெரியாது என்பதுதான் இதில் இருக்கும் மோசமே. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, குழாயைத் திறந்து பாத்திக்குத் தண்ணீர் விட்டேன். என்ன வேகமே இல்லையே என்று நினைத்துக்கொண்டே கால் மணி நேரம் நின்றேன். கீழேயிருந்து மகள், “அப்பா, குழாயை மூடுங்க, மூடுங்க!” என்று கத்தினாள். மீதித் தண்ணீர் முழுக்கச் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பேஸ்மெண்ட் கார்பெட், பேத்தியின் புத்தகங்கள், ஒரு பக்கச் சுவர் பலகை, எல்லாம் போயின.

வந்த பிளம்பர் சுவரைத் திறந்து குழாயைக் காட்டினார். முற்றிய வெண்டைக்காய் வெடித்த மாதிரி நீளவாக்கில் பிளந்திருந்தது. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். அங்கே வெளிக்குழாய் பெரும்பாலும் உறையாத வகை என்றே விற்கப்படுகிறது. கைப்பிடி வெளியே இருந்தாலும் அடைக்கும் இடம் சுமார் ஓர் அடி உள்ளே, வீட்டுச் சூட்டில் இருக்கும். மூடியதும் அந்த ஓர் அடியில் உள்ள தண்ணீர் வெளியே வடிந்துவிட வேண்டும். டியூப் மாட்டியிருந்தால் வடியாது, அங்கேயே நிற்கும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும். போக இடமில்லை, குழாய் வெடிக்கும். உறையாத குழாய் என்ற பேரை நம்பி டியூபை விட்டவர்கள் வீட்டில்தான் இது அதிகம் என்றார்.

மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. “விடுங்க மாமா, எனக்கே முதல் வருஷம் தெரியாது” என்றார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. காப்பீட்டு நிறுவனம் டியூப் மாட்டியிருந்ததா என்று முதல் கேள்வியாகக் கேட்டது. உண்மையைச் சொன்னோம். செலவில் பாதிகூட வரவில்லை. பிள்ளைகள் அந்த வீட்டுக்கு எத்தனை வருஷக் கடன் கட்டுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும், இல்லையா? அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே ஏப்ரல் முடியும் வரை வெளிக்குழாயைத் தொடவே தொடாதீர்கள். படி கழுவ வேண்டுமா, சமையலறையிலிருந்து வாளியில் தண்ணீர் எடுத்துப் போங்கள். தொட்டே ஆக வேண்டுமென்றால் வேலை முடிந்த கையோடு டியூபைக் கழற்றி, உள்வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்தபடியே விடுங்கள். மிச்சம் வடியட்டும். வசந்தத்தில் முதல் தடவை திறக்கும்போது ஒருவர் பேஸ்மெண்டில் நிற்க வேண்டும். டியூப் முனையைக் கட்டைவிரலால் அடைத்துப் பாருங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு வராமல் தண்ணீர் சுலபமாக நின்றுவிட்டால் உள்ளே எங்கோ வெடித்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். உடனே மூடிவிடுங்கள்.

இன்னொன்று, அந்த மூன்று நாள் வெயிலை நம்பாதீர்கள். நம் ஊரில் சிவராத்திரி வந்தால் பனி சிவசிவா என்று போய்விடும் என்போம். அந்த வருஷம் அங்கே சிவராத்திரிக்குப் பிறகுதான் முழங்கால் அளவு பனி கொட்டியது. என் மனைவி ஜன்னலில் நின்றுகொண்டு, “நம்ம முருங்கை இப்போ பூ விட்டிருக்கும்” என்றாள். அன்று முழுவதும் அவளுக்குப் பேச்சே இல்லை. மாசியில் கொத்த வேண்டும் என்று நமக்கு உடம்பிலேயே ஊறியிருக்கிறது. ஆனால் பனி உருகிய ஈர மண்ணில் கால் வைத்தாலே அது இறுகிப்போகும். ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள், கொழுக்கட்டை மாதிரி உருண்டையாக நின்றால் இன்னும் பொறுங்கள். உதிர்ந்தால் கொத்தலாம்.

தக்காளி, மிளகாய், கத்திரி விதையை மார்ச் நடுவில் வீட்டுக்குள் ஜன்னலோரம் போடுங்கள். நாற்றை வெளியே நடுவது மே நடுவில். மகள் வீட்டுக் கறிவேப்பிலைத் தொட்டியில் பிப்ரவரியில் வெறும் குச்சிதான் நின்றது. செத்துவிட்டதென்று தூக்கிப் போடாதீர்கள், பாவம் என்று தினமும் தண்ணீரும் ஊற்றாதீர்கள், வேர் அழுகிவிடும். நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தெற்கு ஜன்னலில் வைத்து, மண் காய்ந்த பிறகு மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர் போதும். இரவில் 50 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்காது என்று ஆன பிறகு வெளியே எடுங்கள், அதுவும் முதல் ஒரு வாரம் நிழலில்.