யூனிவர்சல் ரிமோட் வாங்கும் முன்...

டிவி, செட்டாப் பாக்ஸ், சவுண்ட்பார் என ஆளுக்கொரு ரிமோட்டைத் தேடி அலுத்துவிட்டதா? யூனிவர்சல் ரிமோட் வாங்கும் முன் ஒரு சின்னச் சோதனை. பழைய ரிமோட்டின் முனையை மொபைலின் செல்ஃபி கேமரா முன் பிடித்து, அம்புக்குறி பட்டனை அழுத்துங்கள். (பவர் பட்டன் வேண்டாம், சில ப்ளூடூத் ரிமோட்டுகளிலும் அது மட்டும் இன்ஃப்ராரெட்டில், அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒளியில், வேலை செய்யும்.) திரையில் வெள்ளையாகவோ ஊதாவாகவோ ஒளி மின்னினால் இன்ஃப்ராரெட், சாதாரண யூனிவர்சல் ரிமோட்டே போதும். பேட்டரி சரியாக இருந்தும் மின்னவில்லை என்றால் பெரும்பாலும் ப்ளூடூத். அதை ஆதரிக்கும் மாடலாகப் பாருங்கள்.

அப்புறம், 'லேர்னிங்' வசதி உள்ளதையே எடுங்கள். புது ரிமோட்டோடு வரும் குறியீட்டு (code) பட்டியலில் இல்லாத பழைய ஆம்ப்ளிஃபயரின் ரிமோட்டையும் அதற்கு எதிரெதிரே வைத்து, பட்டன் பட்டனாகக் கற்றுக்கொடுத்துவிடலாம்.