புது கிராஃபிக்ஸ் கார்டு மாட்டுறதுக்கு முன்னாடி பவர் சப்ளை வயர பாருங்க

கார்டு வாங்குறதுக்கு முன்னாடியே கேபினட்ட தொறந்து பவர் சப்ளைலருந்து என்னென்ன கனெக்டர் வருதுன்னு எண்ணிடுங்க. மதர்போர்டுக்கு 24 பின், அதுல பெருசா பிரச்சனை வராது. குழப்பமே இந்த 8 பின்லதான், ஏன்னா பிராசஸருக்கும் 8 பின் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் 8 பின், பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா உள்ள 12 வோல்ட் வர்ற பின்னும் கிரவுண்ட் பின்னும் அப்படியே தலகீழ். கலர் வயரா இருந்தா கனெக்டர்ல கிளிப் இருக்குற பக்கத்து வயர பாருங்க, மஞ்சள் இருந்தா பிராசஸருக்கு, கருப்பு இருந்தா கார்டுக்கு. வயர் எல்லாமே கருப்புன்னா பிரியிற விதத்த பாருங்க, 4+4 பிராசஸருக்கு, 6+2 கார்டுக்கு. போகலன்னா அழுத்தவே அழுத்தாதீங்க.

மதர்போர்டுல கார்டு உக்கார்ற ஸ்லாட்லருந்து 75 வாட், 6 பின்ல 75, 8 பின்ல 150, இத கூட்டி கார்டு கேக்குறதோட ஒப்பிட்டு பாருங்க. கார்டுல ரெண்டு 8 பின் இருந்தா ஒரே கேபிள்ல தொங்குற ரெண்டு தலைய மாட்டாம தனித்தனி கேபிளா போடுறது நல்லது. புது 16 பின் டைப்னா இடைவெளி இல்லாம முழுசா உள்ள போயிருக்கான்னு பாருங்க, சரியா உக்காரலன்னா சூடாகி உருகிடலாம்.

ரொம்ப முக்கியமானது, மாடுலர் பவர் சப்ளைய (கேபிள தனியா கழட்டி மாட்டுற டைப்) மாத்துனா பழைய கேபிள அப்படியே விட்டுட்டு அதுலயே புது பவர் சப்ளைய சொருகாதீங்க, பவர் சப்ளை பக்கத்து பின் வரிசை மாடலுக்கு மாடல் மாறலாம். நான் அப்படி செஞ்சு ஒரு ஹார்ட் டிஸ்க் போச்சு, அதுல இருந்த போட்டோ எதுவும் திரும்ப கிடைக்கல. புது பவர் சப்ளையோட பெட்டில வந்த கேபிள் மட்டுந்தான், வேற எதுவும் வேணாம்.