டிஸ்சார்ஜ் ஆன அன்றே எழுத வேண்டிய மருந்துப் பட்டியல்: செய்முறை

அப்பா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒன்பது மருந்துகள் இருந்தன. வீட்டு டப்பாவில் ஏற்கெனவே ஆறு. புதிய சீட்டில் இருந்ததை எல்லாம் கொடுத்தோம். பழையதில் பிரெஷர் மாத்திரையை மட்டும் விடக்கூடாது என்று அப்பா பிடிவாதமாக இருந்ததால் அதையும் சேர்த்துக் கொடுத்தோம். ஆறாம் நாள் காலை கட்டிலைவிட்டு எழுந்தவர், கண் இருட்டி, சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்துவிட்டார். பிரெஷர் 90/60. பழைய அட்டையிலும் புதிய அட்டையிலும் இருந்தது ஒரே பிரெஷர் மருந்து, டெல்மிசார்டன். மேலே அச்சடித்த பெயர்தான் வேறு.

அன்றைக்கு மருத்துவர் சொல்லிக் கொடுத்ததும், பிறகு நானாகப் பழகியதும் சேர்ந்ததுதான் இந்தச் செய்முறை. ஐந்து அல்லது அதற்கு மேல் மருந்து சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால் செய்துவிடுங்கள். ஒரு மணி நேர வேலை.

முதல் படி: எல்லாவற்றையும் மேசையில் கொட்டுங்கள்

சீட்டைப் பார்த்து எழுதத் தொடங்காதீர்கள். வீட்டில் இருப்பதைப் பார்த்து எழுதுங்கள். சொட்டு மருந்து, இன்ஹேலர், களிம்பு, சத்து மாத்திரை, மூலிகை மருந்து, சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரை எல்லாம் வர வேண்டும். கண் சொட்டு மருந்தைக் கணக்கில் சேர்க்காதவர்கள்தான் அதிகம். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்து இரத்தத்திலும் கலக்கும், இதயத் துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமா இருந்தால் மூச்சிரைப்பைக் கிளப்பும். மருத்துவர் கேட்டபோது "மாத்திரை இவ்வளவுதான்" என்று நாங்கள் சொன்னதில் அது இல்லை.

இரண்டாம் படி: மூலப்பெயரைக் கண்டுபிடியுங்கள்

நாங்கள் விழுந்த குழி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் அருகிலோ கீழேயோ சிறிய எழுத்தில், மில்லிகிராம் அளவோடு இருப்பதுதான் மருந்தின் மூலப்பெயர். பட்டியலில் அதைத்தான் எழுத வேண்டும். அட்டையை வெட்டி வெட்டிப் பெயர் போய்விட்டால் ஊகிக்காதீர்கள். மருந்துக்கடையில் காட்டிக் கேளுங்கள்.

மருத்துவமனையில் பெயர் ஏன் மாறுகிறது? அங்குள்ள மருந்தகம் ஒரு குறிப்பிட்ட பட்டியலில் உள்ளதை மட்டுமே வாங்கி வைத்திருக்கும். நீங்கள் சாப்பிடுவது அதில் இல்லாவிட்டால் அதே மருந்தை வேறு கம்பெனியில் தருவார்கள், அல்லது அதே வகையில் இன்னொன்றைத் தருவார்கள். கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின் சாப்பிட்டவருக்கு ரோசுவாஸ்டாடின் வரும். இதில் தவறில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது "அதற்குப் பதில் இது" என்று யாரும் எழுதாமல் விடுவதுதான் தவறு. எங்கள் சம்மரியில் அப்படி ஒரு வரி இருந்திருந்தால் அப்பா விழுந்திருக்க மாட்டார்.

ஒரே வகை மருந்துகளைப் பெயரின் கடைசிப் பகுதியை வைத்துப் பிடிக்கலாம். 'சார்டன்', 'பிரில்' என்று முடிபவை பிரெஷருக்கு. 'ஒலால்' என்பவை பெரும்பாலும் துடிப்பையும் பிரெஷரையும் குறைப்பவை. 'ஸ்டாடின்' கொழுப்புக்கு, 'பிரசோல்' வயிற்று அமிலத்துக்கு. இது வழிகாட்டிதான், விதி இல்லை. அரிப்பிபிரசோல் மனநல மருந்து, வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரே வால் இரண்டு தடவை வந்தாலோ, சார்டனும் பிரிலும் சேர்ந்து வந்தாலோ, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

அப்புறம் கூட்டு மாத்திரைகள். ஒரே மாத்திரையில் பிரெஷருக்கான டெல்மிசார்டனும் அம்லோடிபினும் இருக்கும், சர்க்கரைக்கான கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் இருக்கும். ஒரு மாத்திரை என்றாலும் இரண்டு வரியாக எழுதுங்கள். இப்படிப் பிரித்து எழுதினால்தான் பாராசிட்டமால் எத்தனை இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று தெரியும்: காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, டிரமடால் கலந்த வலி மாத்திரை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. ஈரல் கோளாறு இருப்பவர்களுக்கு இன்னும் குறைவு.

மூன்றாம் படி: 'எதற்காக' என்று ஒரு கட்டம்

மூலப்பெயர், அளவு, நேரம், எதற்காக, யார் எழுதியது, எதுவரை. இவ்வளவுதான் அட்டவணை. செயலியில் ஏற்றாதீர்கள், காகிதத்தில் பென்சிலால் எழுதுங்கள் என்பேன். நேரத்துக்கு மணியடிக்கச் செயலி நல்லது. மருத்துவர் ஒரே பார்வையில் படிக்கக் காகிதம்தான் நல்லது. மேலே தேதி போட்டு, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

'எதற்காக' என்ற கட்டம் காலியாக நிற்கும் வரிகளைக் கவனியுங்கள். படுக்கையில் இருந்தபோது தேவைப்பட்டவை, வீட்டிலும் தொடர்கிறவை அங்கேதான் தெரியும். தீவிர சிகிச்சைப் பிரிவில் வயிற்றில் இரத்தக் கசிவு வராமலிருக்கப் பான்டோபிரசோல் தருவார்கள். வார்டுக்கு மாறும்போதும் அது சீட்டில் நிற்கும், வீட்டுக்கு வரும்போதும் நிற்கும், இரண்டு வருடம் கழித்தும் அதே சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டிருப்போம். நீண்ட நாள் எடுத்தால் பி12, மக்னீசியம் குறையலாம். ஆனால் இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துச் சாப்பிடுகிறவருக்கு அது காரணத்தோடு எழுதப்பட்டிருக்கலாம். அதனால்தான் நீக்கச் சொல்லவில்லை, கேட்கச் சொல்கிறேன்.

இன்னொன்று, மருந்தின் பக்கவிளைவுக்கு மருந்து. அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். அதைப் புது நோய் என்று எண்ணி நீர் பிரிய ஃபுரோசிமைடு எழுதப்படும். அதனால் பொட்டாசியம் குறையும், பொட்டாசியத்துக்கு ஒரு சிரப் வரும். ஒவ்வொரு வரிக்கும் எப்போது தொடங்கியது என்று தேதி போட்டால் இந்தச் சங்கிலி கண்ணில் படும்.

நான்காம் படி: பழையதையும் புதியதையும் பக்கத்தில் வையுங்கள்

ஒவ்வொரு வரிக்கும் நான்கில் ஒரு சொல்: தொடர்கிறது, மாறியது, நின்றது, புதியது. பழைய டப்பாவில் இருந்து புதிய சீட்டில் இல்லாதது, உண்மையாகவே நிறுத்தப்பட்டதா, எழுத விட்டுப்போனதா? தைராய்டு மாத்திரை இப்படித்தான் விட்டுப்போகும். அனுமதித்த காரணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லாததால் யார் கண்ணிலும் படாது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு என்று நோயாளி கைமாறும் இந்த இடமும், பல மருந்து சேர்ந்து சாப்பிடுவதும் உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மருந்துத் தீங்கைக் குறைக்கத் தொடங்கிய முயற்சியில் முக்கியமாகக் குறித்தவை.

ஐந்தாம் படி: நேரம்

தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் இருந்தால் 'வாரம் ஒரு நாள்' என்று சிவப்பில் எழுதி, எந்தக் கிழமை என்றும் எழுதுங்கள். அதைத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆறாம் படி: மருத்துவரிடம்

தாளை நீட்டி, "இதில் எது இன்னும் தேவை, எதைக் குறைக்கலாம்?" என்று கேளுங்கள். சீக்கிரம் ஒரு நேரம் வாங்கிப் போங்கள், ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள் என்று காத்திருக்க வேண்டாம். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் அடுத்த வேளைக்கு முன்பே போன் செய்து கேளுங்கள்.

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். துடிப்பைக் குறைக்கும் மெட்டோபிரலால், ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை, பதற்றத்துக்குத் தரும் குளோனசெபாம் போன்றவற்றைத் திடீரென விட்டால் உடம்பு மோசமாகத் திருப்பி அடிக்கும். குறைப்பதாக இருந்தாலும் ஒன்று ஒன்றாக, மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான். இரண்டை ஒன்றாகக் குறைத்தால், பிறகு வரும் தொந்தரவு எதனால் என்று அவருக்கும் தெரியாது.

பின்சேர்க்கை: இதைப் படித்த இருவர் எழுதிக் கேட்டதால் சேர்க்கிறேன். முதலாவது, ஏழு நாள் மாத்திரைப் பெட்டி. நான் அதை விரும்பிப் பயன்படுத்துகிறேன், ஆனால் இரத்தம் உறையாமலிருக்கத் தரும் டாபிகட்ரானை அதில் போடாதீர்கள், ஈரம் பட்டால் கெடும். நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையும் அது வந்த குப்பியிலேயே இருக்கட்டும். இரண்டாவது, விழுங்க முடியாதவருக்குப் பொடித்துக் கொடுப்பது. பெயரின் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று இருந்தால் பொடிக்கக் கூடாது, நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். திரவ வடிவில் கிடைக்குமா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள்.