"வீட்டில் கேட்டு எழுதி வா" என்று அனுப்பாதீர்கள்

தாராவியில் சாயங்காலம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறோம். பெரும்பாலும் வீட்டிலேயே முதலில் கல்லூரிக்குப் போகிறவர்கள். இந்த வருடம் எங்களோடு சேர்ந்து உதவ வந்த தம்பி, தங்கைகள் நான் அன்று செய்த தவறுகளையே செய்கிறார்கள். அன்பாகப் பேச வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். செய்யக் கூடாத மற்றதைச் சொல்கிறேன்.

வீட்டில் கேட்டு எழுதி வா

இதைக் காதில் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். ஒரு பெண்ணிடம் நானே சொன்னதுதான். அவள் அப்பா விடியற்காலையில் இட்லி விற்கப் போகிறவர். மறுநாள் வந்தாள். 'குடும்பப் பெயர்' கட்டத்தில் பென்சிலால் எழுதி எழுதி அழித்ததில் தாள் நைந்திருந்தது.

நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தானே. மார்க் ஷீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருந்தது. ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து. பாஸ்புக்கில் அதே எழுத்து முன்னால். மூன்றையும் பரப்பி வைத்துக்கொண்டு ராத்திரி அவள் யாரிடம் கேட்டிருப்பாள்? "ஏதாவது ஒன்றைப் போடு" என்றேன். பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பிவிட்டது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுச் சும்மா இருந்துவிட்டாள். எனக்குத் தெரிந்தபோது கடைசித் தேதி போயிருந்தது. அந்த வருடக் கட்டணத்தை அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டினார்.

முதல் நாளே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடி ஆதாரைத் திருத்துங்கள், அப்புறம் வங்கி. ஆதாரில் பெயரை ஆயுளுக்கு 2 முறைதான் மாற்றலாம். அவசரப்பட்டு ஒன்றை வீணாக்காதீர்கள்.

பணம் வரவில்லை என்று முடிவு கட்டுவது

மகாடிபிடியில் (மகாராஷ்டிர அரசின் உதவித்தொகை இணையதளம்) வரும் பணம் ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போகும். பிள்ளை கையில் இருப்பது வேறு பாஸ்புக்காக இருக்கலாம்.

ஊரில் சாதிச் சான்றிதழ் வாங்கி வா

அவசரப்பட்டு திருநெல்வேலிக்கு ரயில் ஏற்றிவிடாதீர்கள். மகாராஷ்டிர மாநிலச் சலுகைக்கு, பட்டியல் சாதிக் குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இங்கே வசித்ததற்கு ஆதாரம் வேண்டும். அதை முதலில் விசாரியுங்கள்.

அப்பாவைக் கூட்டி வா

ஒரு நாள் கூலி போகும்.

புரிந்ததா?

எல்லாரும் தலையாட்டுவார்கள். கேட்காதீர்கள். வாரம் ஒருமுறை பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் போனிலேயே விண்ணப்பத்தின் நிலையைத் திறந்து பாருங்கள்.