கணவாயை அறுத்துப் பார்த்து, அப்புறம் சமைக்க

சேலத்தில் கடல் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஐஸ் பெட்டியில் ஓட்டுக் கணவாய் வந்துவிடுகிறது. பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கும் நான் பாடத்தையும் குழம்பையும் அதிலேயே முடித்துக்கொள்வேன்.

வாங்கும்போது தோலைப் பாருங்கள். பழுப்பு வரிகள் பளிச்சென்று இருந்தால் சரி. வெள்ளைச் சதையில் இளஞ்சிவப்பு ஊறியிருந்தால், தோலின் நிறப்பைகள் சிதைந்து சாயம் இறங்கிவிட்டது. அமோனியா வாடை அடித்தால் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.

ஓடு இருக்கும் முதுகைக் கீழே வைத்து, வயிற்றுப் பக்கத்தை மேலாக மட்டும் கத்தரியுங்கள். ஆழமாகப் போனால் மைப்பை உடைந்து பலகையெல்லாம் கறுப்பு. அதில் இருப்பது மெலனின், நம் தலைமுடிக்குக் கறுப்பு தரும் அதே வகை நிறமி. இரு பக்கமும் செவுள்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் இதயம், நடுவில் உடம்புக்கு ரத்தம் அனுப்பும் மூன்றாவது. ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு அல்ல, செம்பு. அதனால் ரத்தம் நீலம். (ஐஸில் கிடந்ததில் அந்த நீலம் தெரியாமல் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள்.)

பிறகு முதுகைக் கீறி ஓட்டை உருவுங்கள். உடைத்து லென்ஸில் பார்த்தால் அடுக்கடுக்காக அறைகள். அவற்றில் திரவத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் மிதப்பைச் சரிசெய்கிறது. மிச்ச ஓட்டைக் கிளி வளர்ப்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

கண், அலகு, குடல் நீக்கி, தோலுரித்து நறுக்குங்கள். பெருந்தீயில் இரண்டு மூன்று நிமிடம், இல்லையென்றால் சிறுதீயில் முக்கால் மணி நேரம். இடையில் இறக்கினால் ரப்பர்தான்: சூட்டில் முதலில் இறுகும் கொலாஜன் என்ற புரதம் நேரம் போகப்போகத்தான் ஜெலட்டினாகக் கரையும். மிளகும் சின்ன வெங்காயமும் போதும். தேங்காய் கூடாது என்பது என் கட்சி.